ஆக்சிஜன் போனால் ஆபத்தும் போய்விடுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். உணவு சீக்கிரம் கெடாமல் இருக்க, உணவு உறைகளின் உட்புறத்தில் நொதிப் பூச்சு பூசி ஆக்சிஜனை உறிஞ்சவைக்கும் முறை பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். வேதியியல் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால், இனிக் குளிர்பதனத்துக்கு அவ்வளவு தேவை இருக்காது என்ற தொனியில் அதை முடித்ததுதான் உறுத்துகிறது.

பொட்டலங்களுக்குள் 'உண்ணக் கூடாது' என்று அச்சிட்ட சிறு பை கிடக்குமே, அதை ஒருமுறை கத்தரித்துப் பார்த்தேன். உள்ளே மாவு போல் நைசான கறுப்பு இரும்புத்தூள். தட்டில் கொட்டி வைத்ததில் மெல்ல மெல்லச் செம்பழுப்பாகிவிட்டது. ஆக்சிஜனை உறிஞ்சத் துருப்பிடித்தலையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்! ஜப்பானில் 1977-இல் விற்பனைக்கு வந்த உத்தி இது. நொதிப் பூச்சு உறையோடு ஒட்டியே இருப்பதால், குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் என்ற பயம் இல்லை. அதை மறுக்கவில்லை.

பூச்சில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியும், அதற்குத் தீனியாகக் குளுக்கோஸும் இருக்கின்றன. (பூஞ்சணத்தை அடக்க வரும் இந்த நொதியை, வெங்காயத்தில் கரும்பொடியாகப் படியும் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சணத்திடமிருந்தே எடுக்கிறார்கள்.) ஆக்சிஜனைப் பிடித்த கையோடு அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. துணைக்கு வரும் கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி அதைச் சிதைக்கும்போது, பிடித்த ஆக்சிஜனில் பாதி திரும்பி வந்துவிடுகிறது. அந்தப் பாதியை மறுபடி பிடிக்க வேண்டும்; குளுக்கோஸ் தீர்ந்தால் கதை முடிந்தது.

இதற்கெல்லாம் ஈரம் வேண்டும். உலர்ந்த பண்டத்தோடு வைத்தால் நொதி சும்மா கிடக்கும். ஆகவே இந்தப் பூச்சுக்கு ஏற்றது ஈரப்பதமுள்ள உணவு. சிக்கலும் அங்கேதான். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. ஈரம் இருந்து, புளிப்பு குறைந்து, அதாவது பிஎச் 4.6-க்கு மேல் இருந்து, காற்றும் இல்லையென்றால் அது செழித்து வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். அதன் சில வகைகள் 3 டிகிரி செல்சியஸிலேயே வளரத் தொடங்கும்.

பூஞ்சணமும் காறல் வாடையும் நமக்குத் தொல்லைதான். ஆனால் உணவைத் தூக்கிப் போடச் சொல்வதும் அவைதானே? ஆக்சிஜனை எடுத்தால் அவை அடங்கிவிடும். நஞ்சு ஊறிய உணவோ பார்வைக்கும் மூக்குக்கும் சரியாகவே இருக்கக்கூடும்.

எனவே இத்தகைய உறைகளில், எத்தனை நாள் கெடாது என்பதை அச்சிடும் அதே பெரிய எழுத்தில், எத்தனை டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பதையும் அச்சிட வேண்டும். தங்கள் அடுத்த இதழில் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்