பனிச்சறுக்குக்கு ஜாக்கெட் வாங்கப்போகும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நவம்பர் பிறந்துவிட்டால் சென்னையில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே தடிமனான ஜாக்கெட் எது?" ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறவர் அப்படிக் கேட்பது இயல்பு. இருபது டிகிரிக்கே ஸ்வெட்டர் தேடும் ஊர் நம்முடையது. ஆனாலும் பனிச்சறுக்குக்கு அந்தத் தடித்த ஜாக்கெட்டை எடுத்துத் தர எங்களுக்கு மனம் வருவதில்லை. ஏன் என்பதைக் கவுன்டரில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இந்த மடல்.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். குல்மார்க் புல்வெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா கேபிள் கார் முதல் கட்டத்தில் கொங்டூரி வரைக்கும், இரண்டாம் கட்டத்தில் அஃபர்வத் மலைத்தோளில் 3,900 மீட்டரைத் தாண்டியும் ஏற்றிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். அதனால் கீழே தாங்கக்கூடிய குளிர், மேலே எட்டு டிகிரி கூடுதலாக இருக்கும். அதோடு காற்றும் சேர்கிறது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20 போலத்தான் இருக்கும். சறுக்கி இறங்கும்போது அந்தக் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். ஆகவே ஸ்கீ ஜாக்கெட்டின் முதல் வேலை காற்றைத் தடுப்பது.

அடுத்த விஷயத்தைத்தான் பலரும் யோசிப்பதில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு நன்றாக வியர்க்கும். முதல் சில நாட்கள் அஃபர்வத் பக்கமே போகமாட்டீர்கள். கீழே இருக்கும் லேசான சரிவில் பக்கவாட்டில் அடி எடுத்து ஏறுவது, சறுக்குவது, விழுவது, கையை ஊன்றி எழுந்திருப்பது, மறுபடி ஏறுவது என்றுதான் பொழுது போகும். காற்று மெலிந்த உயரத்தில் கனத்த பூட்ஸோடு செய்யும் உழைப்பு அது. பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். பிறகு பயிற்சியாளர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும்வரை சும்மா நிற்பீர்கள். குளிர் பிடிப்பது அப்போதுதான். அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத் துணி உடம்போடு ஒட்டியிருந்தால் வெளியே எவ்வளவு தடிமனாகப் போட்டிருந்தாலும் நடுங்கத்தான் வேண்டும். தடித்த ஜாக்கெட் அந்த வியர்வையை இன்னும் கூட்டுகிறது. சூடானால் கழற்றவும் முடியாது, கழற்றினால் காற்று.

அதனால்தான் நாங்கள் கதகதப்பையும் நீர்த்தடுப்பையும் தனித்தனியாக வாங்கச் சொல்கிறோம். கதகதப்பு உள் அடுக்குகளிலிருந்து வரட்டும். ஜாக்கெட் காற்றையும் நீரையும் தடுத்து, உள்ளே சேரும் ஆவியை வெளியே விட்டால் போதும்.

உடம்போடு ஒட்டும் முதல் அடுக்கு மெரினோ கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்க வேண்டும். நம் ஊரில் 'தெர்மல்' என்று விற்பதில் நிறைய, பருத்தி கலந்தவை. ஊட்டி, கொடைக்கானலுக்கு அவை சரி, பனிச்சறுக்குக்குச் சரிவராது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு சீக்கிரம் காயாது. லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். தெர்மலுக்குள்ளே வழக்கம்போலக் காட்டன் பனியன் போடுகிறவர்கள் பலர். தயவுசெய்து அந்த ஒரு வழக்கத்தை மட்டும் அந்த வாரம் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ஃபிளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. ரொம்பக் குளிரும் நாளில் மெல்லிய ஃபிளீஸ் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம், வெயில் வந்தால் கழற்றிப் பையில் வைக்கலாம்.

இனி ஜாக்கெட். லேபிளில் 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணியின் மேல் நீரை அழுத்தி, எவ்வளவு உயர நீர்த்தூணின் அழுத்தம்வரை அது கசியாமல் தாங்குகிறது என்று சோதித்துச் சொல்லும் எண் அது. 10,000 என்றால் பத்து மீட்டர் உயர நீர்த்தூண். வானத்திலிருந்து விழும் பனிக்கு அவ்வளவு தேவையில்லையே என்று தோன்றும். ஆனால் பனியில் உட்கார்ந்தாலோ, முழங்கையை ஊன்றினாலோ, தோளில் பையின் பட்டை அழுத்தினாலோ உருகிய நீர் துணிக்குள் தள்ளப்படும். கற்றுக்கொள்கிறவர் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். ஜனவரி, பிப்ரவரியில் குல்மார்க்கில் விழுவது பெரும்பாலும் மாவு போன்ற உலர்ந்த பனி, தட்டினால் உதிர்ந்துவிடும். அதற்கு 10,000 போதுமானது. மார்ச்சில் போகிறவர்கள் 15,000க்கு மேல் பாருங்கள். அப்போது பனி ஈரமாகிவிடும், சில நாள் மழையும் பெய்யும்.

அதன் பக்கத்திலேயே கிராமில் இன்னொரு எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எவ்வளவு நீராவியை வெளியே விடும் என்ற கணக்கு அது. மேலே சொன்ன வியர்வையை நினைத்துக்கொண்டு இதையும் 10,000க்குக் குறையாமல் எடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் சோதிக்கும் முறை வேறு என்பதால், இரண்டு பிராண்டுகளின் எண்களை அப்படியே ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். எங்களைக் கேட்டால் அந்த எண்ணைவிட அக்குளில் இருக்கும் ஸிப் முக்கியம். ஏறும்போது திறந்து, நிற்கும்போது மூடினால் எந்தத் துணியும் தர முடியாத காற்றோட்டம் கிடைக்கும். அக்குள் ஸிப் இல்லாத ஜாக்கெட்டை, விலை குறைவு என்பதற்காகக் கற்றுக்கொள்கிறவர் யாரும் வாங்க வேண்டாம்.

கடையில் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தையல் ஊசி போட்ட ஓட்டைகள் எல்லாவற்றிலும் நீர் கசியும். அதனால் தையல் மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். சிலவற்றில் எல்லாத் தையலிலும் டேப் இருக்கும், சிலவற்றில் தோள், தொப்பி போன்ற இடங்களில் மட்டும். துணி 20,000 என்று எழுதியிருந்து டேப் பாதியில் நின்றால் அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை.

நீரைத் தடுத்து ஆவியை விடும் வேலையைச் செய்வது துணிக்குள் இருக்கும் மெல்லிய படலம். இதில் பெயர்பெற்ற கோர்-டெக்ஸின் தொடக்கம் 1969இல். டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்தால் அது நுண்துளைகளோடு விரிகிறது என்று அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் அந்த ஆண்டு கண்டுபிடித்தார். படலத்துக்கு மேலே இருக்கும் வெளித்துணிக்கும் தனியாக ஒரு பூச்சு உண்டு. சேம்பிலையில் நீர் ஒட்டாமல் உருளுமே, அதுபோல உருட்டிவிடும் பூச்சு. இது தேயத்தேய வெளித்துணி நனைந்து கனக்கும், ஆவி வெளியேறாது, உள்ளே சொதசொதப்பாகிவிடும். அப்போது ஜாக்கெட் ஒழுகுகிறது என்று எங்களிடம் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் அது ஒழுகல் இல்லை. வெளியே போக வழியில்லாத உங்கள் வியர்வைதான். முன்பு இந்தப் பூச்சுகளில் ஃபுளோரின் சேர்மங்கள் இருந்தன. அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடுவதால், 2025 தொடக்கத்திலிருந்து கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களின் சட்டங்கள் உடைகளில் அவற்றைத் தடுக்கின்றன. கம்பெனிகளும் மாறி வருகின்றன. நல்ல மாற்றம் அது. ஆனால் புதிய பூச்சுகளை முன்பைவிட அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

பஞ்சு விஷயம் சுருக்கமாக. கனடாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் வாங்கும் வாத்து இறகு ஜாக்கெட் அருமையானதுதான், ஆனால் அது நடப்பதற்கும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்கும். இறகு நனைந்தால் அமுங்கிக் கதகதப்பை இழந்துவிடும். பனியில் விழுந்து புரள்கிறவருக்குச் செயற்கைப் பஞ்சு மெல்லிதாக வைத்தது, அல்லது பஞ்சே இல்லாத, வெறும் வெளியடுக்கான ஷெல், இரண்டில் ஒன்று போதும்.

இடுப்பில் உள்ளே எலாஸ்டிக் பாவாடை போல ஒரு துண்டு இருக்கும். விழும்போது முதுகுப்பக்கம் பனி புகாமல் தடுப்பது அதுதான், கட்டாயம் வேண்டும். தொப்பி ஹெல்மெட்டுக்கு மேலே ஏற வேண்டும். உள்பக்கம் ஒரு பாக்கெட் இருந்தால் போன் அங்கே இருக்கட்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். சில ஜாக்கெட்டுகளில் ரெக்கோ என்ற சின்னப் பட்டை தைத்திருப்பார்கள். மீட்புக் குழுவின் கருவி அனுப்பும் சிக்னலை அது திருப்பிக் காட்டும், தானாக எதையும் அனுப்பாது. அதை நம்பி அஃபர்வத்தில் ரோந்து இல்லாத சரிவுகளுக்குப் போகாதீர்கள். அங்கே பனிச்சரிவில் நல்ல அனுபவசாலிகளே உயிரிழந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோண்டோலாவில் ஏறி இறங்குவதுதான் திட்டம் என்றால் எங்களிடம் எதுவும் வாங்க வேண்டாம். வழியில் அடிவாரத்தில் இருக்கும் தங்மார்க்கிலும் குல்மார்க்கிலும் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். பயிற்சியில் சேர்கிறவர்கள், உடையும் சேர்த்துத் தருகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியவர்களுக்குக் கடைசியாக ஒன்று. இந்த ஜாக்கெட்டுகளைப் பனியைவிடச் சென்னைதான் அதிகம் கெடுக்கிறது. பல படலங்களிலும் பூச்சுகளிலும் இருக்கும் பாலியூரித்தேன், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் மெல்லச் சிதைந்து பிசுபிசுத்து உரியும். ஊருக்குத் திரும்பியதும் அப்படியே பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். ஸிப்களை மூடி, மென்மையான திரவ சோப்பில் அலசுங்கள். கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கி எதுவும் சேர்க்கக் கூடாது. முழுக்கக் காய்ந்ததும், லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் வெளிப்பூச்சு ஓரளவு உயிர்பெறும். பிறகு காற்றோட்டமான அலமாரியில் ஹேங்கரில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். மழைக்காலத்தில் ஒருமுறை வெளியே எடுத்து ஃபேனுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

ஜாக்கெட் பார்க்க வரும்போது உள்ளே போடப்போகும் ஃபிளீஸையும் கொண்டுவாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். வார நாட்களில் காலையில் வந்தால் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் கடையினர்