கடலடி எரிமலைப் பாறைக்கு மால்பே போக வேண்டாம், சித்ரதுர்கா போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரீஸ் தீவின் தூண் பாறைகளை முழுப்பக்கம் போட்டு, 'கடலுக்கடியில் எரிமலை வெடித்து உருவானவை' என்று எழுதியிருந்தீர்கள். படம் கண்ணைப் பறித்தது. விவரம்தான் தப்பு.

அந்தத் தூண்கள் ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்து எரிமலைக் குழம்பு. ஆற அமரக் குளிர்ந்ததால் சுருங்கி வெடிப்பு விட்டு, ஐந்து பக்கம் ஆறு பக்கம் என்று தூண்களாக நிற்கிறது. இன்றைக்குச் சுற்றிலும் கடல் இருக்கிறது என்பதற்காக அது கடலடிப் பாறை ஆகிவிடாது.

நீருக்குள் பிறந்த பாறையின் அடையாளமே வேறு. ஆழ்கடலில் எரிமலை பெரும்பாலும் 'வெடிப்பது' கூட இல்லை. மேலே நிற்கும் தண்ணீரின் கனம் அமுக்குவதால் குழம்பு சத்தமில்லாமல் பிதுங்கி வழிகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பு குளிர்ந்த நீரைத் தொட்டதும், சில நொடிகளில் அதன்மேல் கண்ணாடி போன்ற கருந்தோல் படிந்துவிடும். உள்ளே இன்னும் இளகல்தான். பின்னாலிருந்து குழம்பு நெருக்க, தோல் கிழிந்து அடுத்த உருண்டை வெளியே வரும். அதற்கும் தோல், மீண்டும் கிழிசல். 1970-களின் தொடக்கத்தில் ஹவாயில் கிலாவெயா எரிமலையின் குழம்பு கடலில் இறங்கியபோது, நீர்மூழ்கி வீரர்கள் பக்கத்திலேயே நின்று இதைப் படம் பிடித்திருக்கிறார்கள். தலையணை லாவா என்று இதற்குப் பெயர்.

நம் பக்கத்தில் இதைப் பார்க்கச் சிறந்த இடம் கர்நாடகத்தின் மரடிஹள்ளி. பெங்களூரு - புனே நெடுஞ்சாலையில் ஹிரியூர் தாண்டி, சித்ரதுர்காவுக்கு முன்னால், ஐமங்கலா அருகே இருக்கிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1976-ல் இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. மீனோ செடியோ தோன்றாத காலத்தில் அந்த வறண்ட பூமியில் தண்ணீர் நின்றது என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி.

அங்கே போகிறவர்கள் பாறைமேல் ஏறி செல்ஃபி எடுப்பதோடு நின்றுவிடாமல், வெட்டுமுகம் தெரியும் இடத்தில் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். ஒவ்வொரு உருண்டையின் ஓரத்திலும் மெல்லிய விளிம்பு ஒன்று ஓடும். அதுதான் அந்தப் பழைய தோல். உருண்டைகள் குடோனில் அடுக்கிய நெல் மூட்டைகள் மாதிரி கிடக்கும்: மேல்புறம் உப்பல், அடிப்புறம் கீழே உள்ள இரண்டுக்கும் நடுவில் கூராக இறங்கியிருக்கும். மலையே மடிந்து புரண்டிருந்தாலும், அந்தக் கூர் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் அன்றைய கடல்தரை. மாணவர்களுக்குப் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கியும் ஏறாதது, அந்தக் கல்லின் முன்னால் நிறுத்தினால் உடனே ஏறிவிடும்.

நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்த கோலார் தங்கவயல் பகுதியிலும் இத்தகைய தலையணைப் பாறைகள் உண்டு. அதுவும் நினைவுச் சின்னப் பட்டியலில் இருக்கிறது. தங்கத்தைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தொடுவதில்லை!

பட்டியலில் ஏற்றிவிட்டால் போதுமா? கல்வெட்டுக்கும் கோயிலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பாறைகளுக்காக ஒரு வரைவு மசோதாவை மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அது என்ன ஆயிற்று என்று உங்கள் டெல்லி நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். திருவக்கரை கல்மரங்களும் பரங்கிமலை சார்னோகைட் பாறையும் இதே பட்டியலில் இருப்பதால், இது கர்நாடகத்தார் கவலை மட்டும் அல்ல.

கூடவே, அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது மரடிஹள்ளிப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். தூரத்துக் காட்சி வேண்டாம், விளிம்பு தெரிகிற மாதிரி நெருக்கத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் விரிவுரையாளர்,
சேலம்.