மகளுக்கு: கோடு எங்கே வெட்டுகிறது?

டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமைகளில் உன்னிடம் பாடம் கேட்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ஒய் = எம்எக்ஸ் + சி’ என்று மந்திரம் போல ஒப்பிக்கிறார்கள், எம் எதைச் சொல்கிறது, சி எதைச் சொல்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முழிக்கத்தான் செய்வார்கள். எழுத்துகளைக் கொஞ்ச நாள் ஒளித்து வை. ஜோகன்னஸ்பர்க் பிள்ளைகளானாலும் நம்மூர் காம்ரேட்ஸ் மாரத்தானைக் கேள்விப்பட்டிருப்பார்கள், அதை எடுத்துக்கொள்.

1921இல் தொடங்கிய ஓட்டம். வழக்கமாக ஓர் ஆண்டு டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஏற்றம், அடுத்த ஆண்டு அங்கிருந்து இங்கே இறக்கம். கணக்கு சுளுவாக வருவதற்காக, தூரம் 90 கிலோமீட்டர், மாரிட்ஸ்பர்க்கின் உயரம் 630 மீட்டர், டர்பன் கடல் மட்டம் என்று வைத்துக்கொள். சாலை ஒரே சீராக இறங்குகிறது என்றும் வைத்துக்கொள். இது பொய்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இறக்க ஆண்டில் கணக்கு இப்படி:

உயரம் = 630 − 7 × ஓடிய தூரம்

சேவல் கூவி ஓட்டம் தொடங்கும் நொடியில் ஓடிய தூரம் 0, நிற்கும் உயரம் 630. கோடு ஒய் அச்சை வெட்டுவது அங்கேதான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 7 மீட்டர் உயரம் குறைகிறது. அதுதான் சாய்வு, குறைவதால் அதன் முன்னால் கழித்தல் குறி. வெறும் 7 என்று சொன்னால் விடாதே, ‘கிலோமீட்டருக்கு 7 மீட்டர்’ என்று வாயால் சொல்ல வை. அலகைச் சொல்லப் பழகிவிட்டால் சாய்வையும் வெட்டுத்துண்டையும் (ஒய் அச்சை வெட்டும் இடத்தின் மதிப்பு, இங்கே 630) மாற்றிப் போடுவது தானாக நிற்கும், ஏனென்றால் 630 வெறும் மீட்டர். சரி, உயரம் எப்போது 0 ஆகும்? 630ஐ 7ஆல் வகுத்தால் 90. எக்ஸ் அச்சை வெட்டும் இடம், அதாவது டர்பன். 0க்கு 630 என்று ஒரு புள்ளி, 90க்கு 0 என்று இன்னொரு புள்ளி. அளவுகோலை வைத்துக் கோட்டை இழுத்துவிடலாம்.

ஏற்ற ஆண்டில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். உயரம் = 7 × தூரம். ஒய் அச்சை வெட்டுவது 0இல், எக்ஸ் அச்சை வெட்டுவதும் 0இல். இரண்டு வெட்டும் ஒரே புள்ளியில் விழுந்துவிட்டன, ஒரே புள்ளியை வைத்து எந்தக் கோட்டை வரைவது? ‘இரண்டு வெட்டையும் கண்டுபிடி, சேர்’ என்று மட்டும் படித்த பிள்ளை அங்கேயே உட்கார்ந்துவிடும். 10 கிலோமீட்டரில் உயரம் 70 என்று இன்னொரு புள்ளி எடுக்கத் தெரிந்தால் போதும். தேர்வுத் தாளில் இந்த வகைக் கோடு வராமல் இருக்காது, இதற்கென்று ஒரு வகுப்பே ஒதுக்கு.

இப்போது அந்தப் பொய். உன் சித்தப்பாவிடம் ‘இறக்க ஓட்டம்’ என்று சொல்லிப் பார், சண்டைக்கு வருவார். பாதையின் மிக உயரமான இடம் மாரிட்ஸ்பர்க் இல்லை, அம்லாஸ் ரோடு பக்கம், சுமார் 870 மீட்டர். இறக்க ஆண்டிலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். பிறகு ஃபீல்ட்ஸ் ஹில்லில் விழுகிற சரிவில் முழங்கால் கழன்றுவிடும் என்பார். நம் கோட்டின் 7 வெறும் சராசரி, எந்த மேட்டையும் அது காட்டாது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதே. நேர்கோடு நாமாகப் போட்டுக்கொண்ட ஒன்று என்று தெரிந்தால்தான் அது எங்கே செல்லாது என்றும் கேட்பார்கள். 100 கிலோமீட்டர் என்று போட்டால் விடை −70 வரும். ஓட்டக்காரர் கடலுக்கடியில் இருக்கிறார்! சமன்பாடு மறுக்காது, மறுக்க வேண்டியது பிள்ளைதான்.

இன்னொன்று. கிரேடு பத்தில் சார்புகள் பாடத்தில் இதே கோடு ‘ஏஎக்ஸ் + க்யூ’ என்று வேறு எழுத்துகளோடு வரும். எம்மையும் சியையும் மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அதைப் புதுப் பாடம் என்று நினைத்துக்கொள்வார்கள். எக்ஸோடு பெருகி நிற்பது சாய்வு, தனியாக நிற்பது ஒய் அச்சின் வெட்டு என்று இப்போதே பழக்கு. படுக்கைக் கோட்டுக்குச் சாய்வு 0, செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வே கிடையாது. இதை ஒரு தடவை சொன்னால் போதும்.

கட்டம் போட்ட தாள் வேண்டுமென்றால் சொல், ஈஸ்டருக்கு நீ வரும்போது ஒரு கட்டு வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா