இரண்டையும் சேர்த்து ஊற்ற வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் "பேக்கரி ஈஸ்ட்டை மஞ்சள் பயிருக்கு எதுக்கும்மா ஊத்தறீங்க?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் பால் பொங்கிவிட்டது. இப்போதுதான் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நிதானமாகவே சொல்கிறேன்.

பயிருக்கு ஊட்டமாக ஊற்றுகிறோமே பஞ்சகவ்யம், கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்ன முறைப்படி அதில் சாணி, கோமியம், பால், தயிர், நெய்யோடு வெல்லம், இளநீர், பூவன்பழம், கள் எல்லாம் உண்டு. இங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை. அதனால் 100 கிராம் ஈஸ்ட்டும் 100 கிராம் வெல்லமும் 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் கழித்து டிரம்மில் ஊற்றுகிறேன். கள்ளை நுரைக்க வைப்பதும் ஈஸ்ட்தான். பதநீர்ப் பானைக்குள் சுண்ணாம்பு தடவுவார்களே, அது ஈஸ்ட் கிளம்பாமல் இருக்கத்தான். சின்ன வயதில் அப்பத்தா ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். விடிந்தால் சட்டி நிறைய மாவு பொங்கியிருக்கும்.

மண்ணிலும் ஈஸ்ட் உண்டு கண்ணு. எல்லாம் இந்த பேக்கரி இனம் இல்லை, வேறு வேறு இனங்கள். வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று அதை ஒட்டியே வாழும். சில இனங்கள் அமிலம் விட்டு, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்துக் கொடுக்கும். சில, வேர் ஓட உதவும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கும். லிப்போமைசஸ் என்று ஒன்று, தன்னைச் சுற்றி வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி பசை கட்டிக்கொள்ளும். அந்தப் பசை மண் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். ஈஸ்ட் நோயைத் தடுப்பது பந்தியில் இடம் பிடிப்பது போலத்தான்: அது முதலில் உட்கார்ந்து இலையைக் காலி செய்துவிட்டால், பின்னால் வரும் கெட்ட பூஞ்சணத்துக்குச் சோறு இல்லை. எதிரியைக் கொல்லும் நஞ்சு சுரக்கிற ஈஸ்ட்டும் இருக்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மடையோரம் நாலு பாத்தியில் கிழங்கு அழுகல் வந்திருக்கிறது. அப்பா காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சண மருந்தை ஊற்றலாம் என்கிறார். நீயும் "பஞ்சகவ்யத்தோட சேர்த்தே ஊத்திடுங்க, ஒரே வேலையாப் போகும்" என்று அவரிடம் சொல்லிவிட்டாய். வேண்டாம் கண்ணு. ஈஸ்ட்டும் பூஞ்சணம்தானே, நல்லது கெட்டது பார்க்கத் தாமிரத்துக்குத் தெரியாது. போன வருஷம் நானே மருந்து ஊற்றிய மறுநாள் டிரம்மில் இருந்த பஞ்சகவ்யத்தை அதே பாத்திக்குத் திறந்துவிட்டேன். ஒரு மாதம் காலையும் மாலையும் கலக்கி வளர்த்ததை என் கையாலேயே சாகடித்தேன். இன்னமும் மனசு ஆறவில்லை.

அதற்காக, அழுகிய கிழங்கை ஈஸ்ட் மீட்டுவிடும் என்று சொல்லமாட்டேன். அழுகலைக் கொண்டுவருவது பித்தியம் என்கிற கிருமி. தேங்கிய தண்ணீரில் நீந்திப் பரவும். முதலில் வடிகால் வெட்ட வேண்டும். அழுகிய செடிகளைப் பிடுங்கிவிட்டு, அந்த நாலு பாத்திக்கு மட்டும் மருந்து போதும். மற்ற பாத்திகளுக்குத் தொழுவுரம் போட்டு, 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கிறேன். தொழுவுரம் இல்லாத மண்ணில் ஈஸ்ட் அவ்வளவாகப் பெருகாது.

நான் சொன்னால் அப்பா "பார்க்கலாம்" என்பார். நீ சொன்னால் கேட்பார். இன்று ராத்திரியே பேசிவிடு.

அப்புறம், தீபாவளிக்கு வரும்போது நாலு பாக்கெட் ஈஸ்ட் வாங்கி வா, தேதி பார்த்து. இங்கே கிடைப்பது பழசு, அரை மணி ஆனாலும் நுரையே வருவதில்லை.

அன்புடன்,
அம்மா