கீழே இறங்கிப் போய் ஒரு படம் எடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ டொரன்டோவிலிருந்து அனுப்பிய படங்கள் வந்தன. போனில் சொல்லலாம் என்றால், நான் "படம்" என்று ஆரம்பிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் வைத்துவிட்டு அப்புறம் படித்தாலும் சரி.

மேப்பிள் மொட்டு ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. அப்பா போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஃபோகஸ் மொட்டில் இருக்கு, கிளைக்குப் போகலை" என்றார். உன்னிடம் நேரில் சொல்லமாட்டார், தெரியுமே உனக்கு. ஆனால் அந்தக் கூரைமேல் கிடக்கும் பனி சாம்பல் நிறமாக விழுந்திருக்கிறது. படத்தில் வெள்ளை அதிகமானால் கேமராவின் வெளிச்ச மீட்டர் ஏமாந்துவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்போ ஒன்றரை ஸ்டாப்போ கூட்டி வைக்கச் சொன்னார். ராயபுரம் சர்ச்சில் வெள்ளை கவுன் போட்ட மணப்பெண்களை எடுத்து எடுத்துக் கற்றது அது. ஸ்டூடியோவை மூடியாகிவிட்டது, இருந்தாலும் அந்த வாத்தியார்தனம் போகவில்லை.

நான் சொல்லவந்தது வேறு. இந்த வருஷம் வந்த படம் எல்லாமே மேலே இருந்து, ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தவை. நெகட்டிவில் குறை திருத்த டச்சிங் பென்சில் பிடித்த கண் இது, கண்ணாடியில் விழுந்த நிழல் தப்பாது. கண்ணாடி வழியாகத்தான் எடுக்கவேண்டும் என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வை, பின்னால் விளக்கை அணைத்துவிடு. இல்லையென்றால் வீட்டுக்குள் இருப்பதெல்லாம் மரத்துமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது படத்தில் மேசை தெரிகிறது. ஒரு நாற்காலி தெரிகிறது. பகலில் எரிகிற விளக்கு தெரிகிறது. சரி, அதை விடு.

கீழே இறங்கிப் போய் எடு என்றுதான் சொல்கிறேன். மரத்தடியில் நின்று எடு.

இதையெல்லாம் ஆரம்பித்ததே நீதான். "நம்ம ஊரில் வசந்தமே கிடையாதும்மா, வெயில், அதிக வெயில், மழை, அவ்வளவுதான்" என்று சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் நீ அங்கே ஒரு மரம், நான் இங்கே ஒரு மரம், ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்துக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று பேசினோம். நான் விடாமல் எடுக்கிறேன். தெருமுனை அரசமரத்தடியில் காலையில் பால் வாங்கப் போகும்போது நின்று எடுப்பேன். ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நம் ஊர் வசந்தம் சத்தம் போடாது, அவ்வளவுதான். மாசியில் வாதாம் இலை சிவந்து கொட்டுகிறது. புங்கை மொட்டையாக நிற்கிறது என்று நினைப்பதற்குள் பளபளவென்று இளம்பச்சை விட்டுவிடுகிறது. அரசில் வருகிற தளிர் பச்சையே இல்லை, செம்பு நிறம். அதை வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தால் இலை நரம்புகூட எண்ணலாம். எட்டு மணிக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் வெளிச்சம் கடுத்துவிடும். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு. வேப்பம்பூதான் கஷ்டம். சின்னப் பூ, கடல்காற்று வேறு நிற்காது. ஒரு கையால் கொத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்தேன், என் கட்டைவிரல் பாதி வந்துவிட்டது. அதையும் அனுப்பினேன், நீ ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று யோசித்தாயா? உன் மரம் குளிர் போனதும் துளிர்க்கிறது. என் மரம் சொட்டு மழை இல்லாத மாதத்தில், வெயில் ஏறுகிற நேரம் பார்த்துத் துளிர்க்கிறது, கார்த்திகை மழை அடிமண்ணில் விட்டுப்போன ஈரத்தை நம்பி. அங்கே மார்ச்சில் பகல் நாளுக்கு மூன்று நிமிடம் போல நீளும் என்றாய். இங்கே ஒரு நிமிடம்கூடத் தேறாது. இருந்தாலும் மரத்துக்குத் தெரிந்துவிடுகிறது. பறவையும் அப்படித்தான். உனக்கு ராபின் வந்தால் வசந்தம். நமக்குப் பழவேற்காட்டுப் பூநாரைகள் கிளம்ப ஆரம்பித்தால் வெயில் காலம். காசிமேட்டிலும் பேச்சு ஆரம்பித்துவிட்டது, ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகெல்லாம் கரைக்கு வந்துவிடும். முன்பு 45 நாள் மீன்பிடித் தடை, இப்போது 61 நாள். படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது போய் எடுக்கலாம் என்று இருக்கிறேன், அந்த நீலமும் மஞ்சளும் வேறெங்கே கிடைக்கும்? வஞ்சிரம் விலையை மட்டும் கேட்காதே.

அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டார்களாமே. பத்தரை மணி நேர வித்தியாசம் ஒன்பதரை ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் கிட்டே வந்தும் போன் வரவில்லை என்று அப்பா சொல்லிக்காட்டுகிறார். நான் சொல்லவில்லை.

போன மாதம் மகிழடி சேவைக்குத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போனேன். மகிழ மரத்தை எடுக்கலாம் என்று பார்த்தால் ஒரே கூட்டம், மரத்தடியில் இருட்டு, படம் ஆடிவிட்டது. கதை உனக்குத் தெரிந்ததுதான், மடியில் உட்கார்ந்து கேட்டவன் நீ. சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்கிறேன், அந்த நேரம் நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சுந்தரர் சாமியிடமே பேசி வைத்தார். சாமியோ சங்கிலியிடம், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கு என்று சொல்லிவிட்டார். அப்புறம் வேனில் வந்தது, தென்றல் அடித்தது, திருவாரூர் வசந்த விழா நினைவு வந்தது, மனுஷன் கிளம்பிவிட்டார். ஊர் எல்லை தாண்டியதும் கண் போயிற்று. சின்ன வயதில் நீ சாமிமேல்தான் கோபப்பட்டாய், ஏன் இப்படி இரண்டு பக்கமும் பேசினார் என்று. எனக்கு இப்போது சங்கிலிதான் ஞாபகம் வருகிறாள். அவள் அப்புறம் என்ன செய்தாள் என்று கோயிலில் யாரும் சொல்வதில்லை.

மரம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதினேன். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை.

மணலி அத்தை வந்திருந்தாள். கூடத்தில் மாட்டியிருக்கும் ஹை பார்க் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். நீங்கள் இரண்டு பேரும், பின்னால் செர்ரிப்பூ, உன் பக்கத்தில் நிற்கிறவள் தலையில் இரண்டு இதழ். அந்த மரங்களில் முதலில் வந்தவற்றை 1959இல் டோக்கியோ மக்கள் சார்பில் கொடுத்தார்களாம் என்று நீ சொன்னதை அப்படியே அத்தையிடம் சொன்னேன், எனக்குப் பெருமைதான். உடனே "இந்த வருஷப் படம் எங்கே?" என்றாள். அவளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அங்கே ஏப்ரல் கடைசியில்தான் பூக்கும்" என்றேன். பொய் இல்லையே. அந்த மொட்டு போன கோடையிலேயே உருவாகித் தூங்கும், போதுமான குளிர் பட்டால்தான் எழும், எழுந்தாலும் சூடு வந்தால்தான் விரியும் என்று நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். குளிர் போதாத வருஷம் பூ சரியாக வராதாம். அதனால் இவ்வளவு குளிரையும் மரம் வீணாக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ.

பூத்ததும் போ. வாரநாள் காலையில் போனால் கூட்டம் இருக்காது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு போ. பேட்டரியை உள் பையில் வை, குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். வீட்டுக்குள் வந்ததும் கேமராவைப் பையிலிருந்து உடனே எடுக்காதே, லென்ஸில் வேர்த்துவிடும். இங்கே எங்களுக்கு நேர்மாறு, ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துவந்தால் வேர்க்கிறது. அப்பாவின் பழைய லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது, சொன்னேனா?

ஆள் இல்லாமல் மரத்தை மட்டும் எடுத்தாலும் பரவாயில்லை. ஜன்னலிலிருந்து மட்டும் வேண்டாம். கீழே இறங்கிப் போ. சாப்பிட்டுவிட்டுப் போ. ரொட்டியும் காபியும் சாப்பாடு ஆகாது.

வேலையில் உன்னை மெச்சுகிறார்கள் என்று கேட்டு அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். உன்னைப்போல் பொறுமையாக வேலை செய்கிறவன் நம் குடும்பத்தில் இல்லை. பொறுமை இருக்கிறவன் பேசவும் பேசலாம், அம்மாவிடம் இல்லாவிட்டாலும் யாரிடமாவது. உனக்கு ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் கேள்வி கேட்கமாட்டேன். கேட்டால் நீ போனை வைத்துவிடுவாய், அது எனக்குத் தெரியும்.

மாடியில் வேப்பம்பூ காய்கிறது. காலையில் மரத்தடியில் பழைய வேட்டி விரித்துச் சேர்த்தது. வருஷப்பிறப்புப் பச்சடிக்குப் புதுப்பூவை எடுத்துக்கொண்டு, மீதியைப் பார்சலில் வைக்கிறேன். மோர்மிளகாயும், அவளுக்குப் பிடித்த பருப்புப்பொடியும் சேர்த்துத்தான் கட்டுகிறேன். நெய்யில் வறுத்து ரசத்தில் போடு, கருக விடாதே. செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன். விலாசம் பழையதுதானா, பார்சல்மேல் இரண்டு பேர் பெயரும் எழுதலாமா என்று அப்பா கேட்கச் சொன்னார். அதற்கு மட்டும் திங்கள்கிழமைக்குள் பதில் போடு.

அன்புடன்,
அம்மா