ஹெம்செடாலுக்கு எத்தனை வீதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நோர்வேயின் மின்சாரக் கார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை, கரவெட்டியில் இருக்கும் என் தங்கை படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கேள்வி: "அண்ணை, அங்க எல்லாரும் கரண்ட் காரிலதான் பனிச்சறுக்கப் போகினமாம். நீங்கள் ஏன் இன்னும் அந்தப் பழைய டீசலோட நிக்கிறியள்?" கட்டுரைக்குப் போட்டிருந்த படத்தையும் பார்த்தேன். பின்னால் வெள்ளை வெளேரென்று மலை, முன்னால் பளபளவென்று ஒரு கார், கூரையில் சறுக்குக் கட்டைகள், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். ஹெம்செடால் என்ற அந்தப் பனிச்சறுக்கு மலைக்கும் ஒஸ்லோவில் எங்கள் வீட்டு வாசலுக்கும் இடையில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர் இருக்கிறது. அதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

முதலில் எனக்குள்ள பழைய கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்லக்கூடாது. நான் 22 வருடம் இங்கே பஸ் ஓட்டியவன். மின்சாரக் கார்களும் பஸ் லேனில் ஓடலாம் என்று இந்த நாடு அனுமதித்திருந்தது. காலை ஏழரைக்கு ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஈ18 நெடுஞ்சாலையால் வருவேன். எனக்கு முன்னால் ஆளுக்கொரு காராக ஒரு ஊர்வலம் போகும். எல்லாம் சத்தமில்லாத கார்கள், எல்லாவற்றிலும் ஒற்றை ஆள். கடைசியில் 2015இல், காலை நெரிசலில் இன்னொருவரையும் ஏற்றியிருந்தால்தான் அந்த லேனில் வரலாம் என்று விதி போட்டார்கள். அதற்குப் பிறகு முன் இருக்கையில் அரைத்தூக்கத்தில் தலை ஆடும் மாமியார்மாரை நிறையக் கண்டேன்.

நோர்வேக்காரர் சுற்றுச்சூழலை நேசிப்பதால்தான் இந்தக் கார்களுக்கு மாறினார்கள் என்கிறது உங்கள் கட்டுரை. நேசிக்கிறார்கள்தான். ஆனால் வரி இல்லாத சாமானை அதைவிடக் கூடுதலாக நேசிக்கிறார்கள். கதை தொடங்கியது 1989இல். ஆ-ஹா இசைக்குழுவின் பாடகரும் கூட்டாளியும் பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவருமாகச் சேர்ந்து, மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு குட்டி ஃபியற் பண்டாவைக் கொண்டுவந்து, சாலைக் கட்டணம் கட்டாமலே ஓடித் திரிந்தார்கள். அபராதம் கட்டவில்லை. அரசாங்கம் காரைப் பிடித்து ஏலம் போட்டது. அவர்களே ஏலத்தில் எடுத்து மறுபடி ஓடினார்கள். 1990இல் இறக்குமதி வரி போனது. 1997இல் சாலைக் கட்டணம் போனது. 2001இல் விற்பனை வரியும் போனது. பெற்றோல் காருக்கு இவ்வளவையும் கட்டிப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். இப்போது சலுகைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன, ஆனாலும் 2025இல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 95க்கு மேல் மின்சாரக் கார்தான். கரண்டில் பெரும் பங்கு நீர்வீழ்ச்சியிலிருந்து வருகிறது. எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டுத் தாங்கள் தண்ணீரில் ஓடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்.

எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. அம்மறூட் முருகன் கோயில் வாசலில் போன வருடம் ஒரு புதுக் காருக்குப் பூசை நடந்தது. நாலு ரயருக்குக் கீழும் தேசிக்காய். ஐயர் தேங்காய் உடைத்தார், கார் உருண்டது. தேசிக்காய் நசுங்கிய சத்தம் கேட்டது, கார் ஓடின சத்தம் கேட்கவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா பயந்து துள்ளிவிட்டார். முன்பெல்லாம் பூசை முடிந்து சாப்பிட இருந்தால் விசா, வீட்டுக் கடன், ஊர்க் காணி என்று பேச்சுப் போகும். இப்போது சோற்றைப் பிசைந்தபடி, "நான் வரேக்க பற்றரி 63 வீதம், நீர்?" என்கிறார்கள். அதில் ஒருவர் கைபேசியை எடுத்து, வாசலில் நிற்கும் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக் காட்டினார். போட்டுவிட்டு மறந்துபோனார். பிறகு மோர் வந்தது, பாயசம் வந்தது, வீதம் இறங்கியது. என் மருமகன் இந்தக் கூட்டத்தின் தலைமைப் பூசாரி என்று சொன்னால் பிழையில்லை. நல்ல பிள்ளை. மகளை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த ஒரு பிரேக் இல்லை.

பனிச்சறுக்குக்கு வருகிறேன். நான் 1987இல் இந்த நாட்டுக்கு வந்தது, பரீட்சை இல்லாத, தங்கிப் படிக்கிற ஒரு நாட்டுப்புற உயர்பள்ளியின் மாணவனாக. அந்தப் பாதையால் வந்த எங்கள் பொடியள் பலர். தை மாதம் ஒரு நாள் எங்கள் எல்லாரையும் வெளியில் கொண்டுபோய், தார் மணக்கும் மரக் கட்டைகளைக் காலில் மாட்டிவிட்டார்கள். நோர்வேக்காரர் காலில் சறுக்குக் கட்டையோடுதான் பிறக்கிறார்கள் என்று இங்கே ஒரு சொல்லு உண்டு. ஆசிரியர் அதைச் சொல்லிச் சிரித்தார். நான் பிறந்தது பனங்கூடலுக்கு நடுவில். பதினோராவது தரம் விழுந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆனால் பொழுதுபடுகிற நேரம் ஒரு சின்னச் சரிவில், எப்படியென்று தெரியவில்லை, விழாமல் நின்றேன். இருபது செக்கன் இருக்கும். வடமராட்சியில் ஏற்றம் இறக்கம் எங்கே இருக்கிறது? சைக்கிள் என்றால் வீட்டிலிருந்து நெல்லியடி வரைக்கும் மிதிக்கத்தான் வேண்டும். மிதிக்காமல், யாரும் தள்ளாமல், உடம்பு தானாக ஓடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு 22 வயதில்தான் தெரிந்தது. அந்த இருபது செக்கனைத்தான் நான் இவ்வளவு காலமாகத் திருப்பித் தேடுகிறேன்.

பிறகு வடக்கே போட்ஸ்ஃபியூர்டில் மீன் தொழிற்சாலை. குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்குச் சூரியன் எழும்பாத இடம். மீன் வெட்டிய கையோடு யன்னலால் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமையில் ஊர்க்காரர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சறுக்கிப் போவார்கள். நாங்கள் ஓவர்டைம் செய்தோம். 1994இல் லில்லஹாமரில் ஒலிம்பிக் நடந்தபோது நான் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டேன். நாடே பித்துப் பிடித்து நின்றது, எனக்கும் பிடித்தது. பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் சந்தையில் சறுக்குக் கட்டையும் பிளாஸ்ரிக் சப்பாத்தும் 150 குரோனருக்கு வாங்கினேன். அன்றிலிருந்து அவை நிலவறையில், இடியப்ப உரலுக்கும் ஊருக்கு அனுப்ப வைத்த பெட்டிக்கும் பக்கத்தில் இருக்கின்றன. வருடத்தின் எட்டாம் கிழமை ஒஸ்லோப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. ஒவ்வொரு எட்டாம் கிழமையும் ஹெம்செடால் மலையின் விளம்பரத்தை விரித்து வைத்து, எந்தச் சரிவால் இறங்குவது என்று விரலால் கோடு போடுவேன். ஒரு வருடம் வீட்டுக் கடன், ஒரு வருடம் மகளின் அரங்கேற்றம், ஒரு வருடம் ஊரில் செத்தவீடு. 32 வருடம் போய்விட்டது.

இந்தப் பெப்ரவரியில் போனோம். என்னுடைய டீசலில் போவதாகத்தான் ஏற்பாடு. அன்று காலை அது ஸ்ராட் ஆகவில்லை. மருமகன் ஒன்றும் சொல்லாமல், தன் கார்க் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மனிசி கட்லற் பொரித்து முடிய எட்டு மணி. மகள், பேரன், நாங்கள் இருவர், கூரையில் பெட்டி. காரில் 100 வீதம்.

ஹொனெஃபொஸ் தாண்டும்போது 71. மருமகனின் முகம் கொஞ்சம் மாறியது. "மாமா, ஹீற்றரைக் குறைப்பம். சீற் சூடு காணும்." டீசல் எஞ்சின் எண்ணெயின் சக்தியில் பெரும் பங்கைச் சூடாக வீணாக்குகிற சாமான். அந்த வீணான சூட்டில்தான் நாங்கள் இத்தனை வருடம் ஓசியில் குளிர் காய்ந்தோம். மின்சாரக் காரில் வீண் சூடு அதிகம் இல்லை. சூடு வேண்டுமென்றால் அதையும் பற்றரிதான் தரவேண்டும், பற்றரியோ குளிரில் தானே விறைத்துப்போய் இருக்கும். நாஃப் என்ற இங்குள்ள வாகன ஓட்டுநர் சங்கம் குளிர்காலத்தில் இந்தக் கார்களை நிற்கும் மட்டும் ஓட்டிப் பார்த்து, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்ற றேஞ்ச் கணக்கை வெளியிடுகிறது. மருமகனுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அதனால் பயனில்லை, பின் சீற்றில் மனிசி கம்பளியைப் போர்த்துக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிட்டா.

ஃப்ளோவில் 42. சார்ஜ் போடும் இடத்தில் எங்களுக்கு முன்னால் பதின்நாலு கார். ஒஸ்லோவே அன்று மலைக்கு வெளிக்கிட்டிருந்தது. ஆட்கள் இறங்கிக் கைகளைத் தேய்த்தபடி பேசிக்கொண்டார்கள். சாதாரணமாக லிஃப்டில்கூட முகம் பார்க்காத சனம். ஒருவர் என்னிடம் வந்தார். எந்த நாடு என்று கேட்கவில்லை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. "எத்தனை கிலோவாட் இழுக்குது?" என்றார். நான் 39 வருடமாக இங்கே எதிர்பார்த்த சமத்துவம் ஃப்ளோவில்தான் கிடைத்தது.

இரண்டேகால் மணித்தியாலம் போனது. அடுத்து நெஸ்பியன். நோர்வேயில் பதிவான அதிகூடிய வெப்பம் 35.6 பாகை, 1970இல் அந்த ஊரில்தான். நாங்கள் கடந்தபோது மத்தியானத்திலும் மைனஸ் 19. கோலில் இன்னொரு தரம் சார்ஜ். மேலே ஏற்றம், திரும்பி வரவும் வேண்டும், மலையில் இடம் கிடைக்குமோ தெரியாது என்றார் மருமகன். ஹெம்செடாலில் இறங்கியபோது மூன்றேகால். லிஃப்டுகள் நிறுத்த முக்கால் மணித்தியாலம் இருந்தது.

காணும் என்று நினைத்தேன். எனக்குத் தேவை இருபது செக்கன்தானே. காரின் பின்பக்கத்தில் குந்தி இருந்து, 32 வருடம் காத்திருந்த சப்பாத்துக்குள் வலது காலை விட்டு, முதல் கொளுக்கியை இழுத்துப் பூட்டினேன். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். குதிப் பக்கம் வெடித்து, நீலப் பிளாஸ்ரிக் துண்டு துண்டாகப் பனியில் கொட்டியது. உள்ளே இருந்த பஞ்சு மாத்திரம் காலோடு மிச்சம். இடது சப்பாத்தை மாட்டவே இல்லை, கையில் எடுத்தபோதே கீறல் ஓடிக்கொண்டிருந்தது. பாவிக்காமல் வைத்தாலும் இந்தப் பிளாஸ்ரிக் வயதுபோய்த் தானாக உடைந்துவிடும் என்று வாடகைக் கடைப் பெடியன் சொன்னான். வாடகைக்கு எடுக்க வரிசையில் நின்றால் லிஃப்ட் நின்றுவிடும் என்றும் அவனே சொன்னான்.

மருமகன் காலை முழுக்க வாங்கிக் கட்டியவர். பனியில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி என் கையில் தந்து, "மாமா, உங்கட சப்பாத்துக்குத்தான் றேஞ்ச் காணாது" என்றார். மகள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். பேரன் தன் கட்டைகளோடு பிள்ளைகளின் சரிவில் மூன்று தரம் இறங்கினான். நான் பஞ்சுச் சப்பாத்தோடு வாஃபிள் தின்றேன்.

எனவே தங்கைக்கும் உங்கள் வாசகர்களுக்கும்: மின்சாரக் கார் கூடாது என்று நான் சொல்லவில்லை. மீன் தொழிற்சாலை இருந்த வடக்கு மாகாணமான பின்மார்க்கில் நாங்கள் இருந்த காலத்தில் பெற்றோல் கார்களையே இராமுழுக்க வயர் இழுத்துச் சுவரில் கொழுவித்தான் வைத்திருந்தோம், எஞ்சின் உறையாமல் இருக்க. கார் கரண்ட் குடிப்பது எங்களுக்குப் புதினம் இல்லை. உண்மையில் இந்தக் கார் ஹெம்செடாலைவிட யாழ்ப்பாணத்துக்குத்தான் தோது. குளிர் இல்லை, மலை இல்லை, பருத்தித்துறைக்குப் போய் வந்தாலும் 70 கிலோமீற்றர்தான். கரண்ட் நிற்காமல் இருந்தால் சரி. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட அதே மாதம், பாணந்துறையில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியதை நாங்களும் இங்கிருந்து பார்த்தோம்.

இந்தக் கடிதத்தில் இடம் இருந்தால் ஒரு சிறு விளம்பரமும். அடுத்த வருடம் எட்டாம் கிழமை ஒஸ்லோவிலிருந்து ஹெம்செடால் போகிற வாசகர் யாருடைய காரிலாவது ஒரு இருக்கை மிச்சம் இருந்தால் ஆசிரியருக்குத் தெரிவிக்கவும். டீசலா கரண்டா என்று கேட்கமாட்டேன், கட்லற் கொண்டுவருவேன். சப்பாத்தை அங்கேயே வாடகைக்கு எடுக்கிறேன், அளவு 41.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் சாரதி,
குறூறூட், ஒஸ்லோ.