ஸ்லைடு கெடட்டும், மாணவர் பார்க்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு நுண்ணுயிரியலை மாணவர்கள் 'மனப்பாட சப்ஜெக்ட்' என்கிறார்கள். கிருமியின் பெயர், அது வளரும் ஊடகம், அது தரும் நோய் என ஒரு அட்டவணையை ஒப்பித்தால் தேறிவிடலாம் என்பது விடுதிப் பேச்சு. அந்தப் பேச்சில் பாதி உண்மை. குறை மாணவர்களிடம் இல்லை. பல கல்லூரிகளில் செய்முறை வகுப்பு நடக்கும் விதத்தில் இருக்கிறது.

கிருமிகளைச் சாயமேற்றி ஊதா (பாசிட்டிவ்), சிவப்பு (நெகட்டிவ்) என இரண்டாகப் பிரிக்கும் கிராம் ஸ்டெயினையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை இன்றும் ஆய்வகத்தின் முதல் படி. வகுப்பில் என்ன நடக்கிறது? ஸ்டெஃபிலோகாக்கஸும் ஈ. கோலையும் கலந்த ஸ்மியரை (கண்ணாடித் துண்டில் பூசும் மெல்லிய படலம்) லேப் டெக்னீஷியனே பூசி, சூடுகாட்டி, தயாராக வைத்திருப்பார். மாணவர் கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், அசிட்டோன் இரண்டு மூன்று விநாடி, சாஃப்ரனின் அரை நிமிடம் என ஊற்றிக் கழுவிவிட்டு, ஊதா உருண்டையும் இளஞ்சிவப்புக் குச்சியும் வரைந்துவிட்டுப் போகிறார். எதுவும் தப்பாகப் போக வழியில்லை. அதனால் எதுவும் மனதில் தங்குவதும் இல்லை.

உண்மையில் அந்த ஸ்லைடின் தலையெழுத்தே அசிட்டோன் நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் இருக்கிறது. கூடுதலாக நின்றால் ஊதாவாக இருக்க வேண்டியது சாயம் இழந்து சிவப்பாகிவிடும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் சாயம் முழுதும் இறங்காமல் ஈ. கோலை ஊதாவாகத் தெரியும். அயோடினை மறந்தால் வயலெட் செல்லுக்குள் பிடிபடாமல் எல்லாமே சிவப்பாகும். கல்ச்சர் (ஆய்வகத்தில் வளர்த்த கிருமி) பழையதானாலோ, நோயாளி ஏற்கெனவே பென்சிலின் எடுத்திருந்தாலோ, செல்சுவர் சிதைந்து கிராம் பாசிட்டிவ் கிருமியே நெகட்டிவ் போல நடிக்கும். ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் நான்கு ஸ்லைடு கொடுங்கள்: ஒன்று முறைப்படி, ஒன்றில் அயோடின் இல்லாமல், ஒன்றில் அசிட்டோன் அரை நிமிடம், ஒன்று வேண்டுமென்றே தடிமனாகப் பூசியது. கூடுதல் செலவு மூன்று கண்ணாடித் துண்டுகளும் கொஞ்சம் சாயமும்தான்.

ஸ்லைடோடு நிற்காமல் நிஜச் சாம்பிளும் கொடுக்கலாம் என்றால், தொற்று அபாயம் என்று ஆட்சேபம் வரும். சளி விஷயத்தில் அது நியாயமே. காசநோய் ஸ்மியரைச் சூடுகாட்டி நிலைப்படுத்திய பிறகே மாணவர் கையில் தர வேண்டும். சிறுநீருக்கு அந்தக் கவலை குறைவு. மாணவர் தன்னுடைய சிறுநீரையே நடுத்தாரையில் பிடித்து, 0.001 மி.லி. எடுக்கும் லூப்பால் (கம்பிக் கண்ணி) உடனே ஒரு வளர்ப்புத் தட்டிலும், நான்கு மணி நேரம் மேசையில் கிடந்த பிறகு இன்னொரு தட்டிலும் இழுக்கட்டும். தட்டில் 100 காலனி (கண்ணுக்குத் தெரியும் கிருமித் திட்டு) என்றால் மி.லி.க்கு ஒரு லட்சம் கிருமி. பிடிக்கும்போது ஒட்டிய சில கிருமிகள் அறை வெப்பத்தில் எப்படிப் பெருகி 'தொற்று' வேடம் போடுகின்றன என்பதை இரண்டாவது தட்டு காட்டும். வார்டிலிருந்து வரும் சாம்பிளை இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் இழுக்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்ற விதியை அதன்பின் யாரும் ஒப்பிக்கத் தேவையில்லை.

ஆன்டிபயாட்டிக் சோதனையிலும் இதே கதை. ஏற்கெனவே வளர்ந்த தட்டைக் கொடுத்து, மருந்து வில்லையை (டிஸ்க்) சுற்றிக் கிருமி வளராத வளையத்தை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்கிறோம். தட்டில் ஊற்றும் ஊடகமான முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். மெலிந்தால் மருந்து பக்கவாட்டில் அதிகம் பரவி வளையம் பெரிதாகும், எதிர்ப்புள்ள கிருமி 'மருந்துக்குக் கட்டுப்படும்' என்று ரிப்போர்ட் ஆகும். கிருமிக் கலங்கல் மெக்ஃபார்லாண்ட் 0.5 என்ற கலங்கல் அளவைத் தாண்டினால் வளையம் சுருங்கும், நல்ல மருந்து ஒதுக்கப்படும். ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு வான்கோமைசின் டிஸ்க்கை நம்பவே கூடாது; அந்தப் பெரிய மூலக்கூறு அகாரில் சரியாகப் பரவாது, குறைந்தபட்சத் தடுப்பு அளவை (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) அளந்துதான் சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 எதிர்ப்பு நொதி பற்றி 2010-இல் உலகமே பேசிய ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. அந்த ஊரில் படிக்கும் மாணவர் ஒரு தட்டையாவது தன் கையால் ஊற்றியிருக்க வேண்டாமா?

ரத்தக் கல்ச்சர் எடுப்பதை ஹவுஸ் சர்ஜன் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறோம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம்; ஆன்டிபயாட்டிக் ஏற்றும் முன்; இரண்டு இடங்களிலிருந்து. 2 மி.லி. அனுப்பிவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்ற ரிப்போர்ட்டை நம்புவது வீண்.

நோயெதிர்ப்பியல் நிலைமை இன்னும் மோசம். அம்புக்குறி போட்ட டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணு) படங்களோடு முடிந்துவிடுகிறது. சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) 1:10, 1:20, 1:40 என நீர்க்கச் செய்து, கிருமியைச் சேர்த்து, ஒரு வரிசைக் குழாய்களை மாணவரே வைத்தால், ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் புரதம்) மிகுந்த சீரத்தில் முதல் சில குழாய்களில் கிருமிகள் ஒட்டிச் சேரும் திரட்சியே வராமல், அடுத்தடுத்த குழாய்களில் வருவதைப் பார்க்கலாம். ஆன்டிபாடி மிதமிஞ்சும்போது ஒவ்வொரு கிருமியும் தனித்தனியாக மூடப்பட்டு, ஒன்றோடொன்று பிணையாமல் போகிறது. புரோசோன் என்பது இதுதான். நீர்க்காத சீரத்தை மட்டும் சோதித்து 'நெகட்டிவ்' எழுதும் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது அப்போது புரியும். டெங்கு ரிப்போர்ட்டையும் காய்ச்சல் நாளோடு சேர்த்தே படிக்கப் பழக்க வேண்டும். முதல் சில நாட்களில் தெரிவது வைரஸின் புரதமான என்.எஸ்.1 ஆன்டிஜென்; உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டித்தான் தலைகாட்டும். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று பொருளல்ல.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது என்பதும் தெரிந்ததே. எனவே பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோரிக்கை: செய்முறைத் தேர்வில் ஒரு நல்ல ஸ்லைடோடு ஒரு கெட்ட ஸ்லைடும் வையுங்கள். எந்தப் படியில் கெட்டது, நோயாளிக்கு அதனால் என்ன தப்பான மருந்து போகும் என்று எழுதுபவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ நுண்ணுயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை